மலிவு விலை ஜன்னல் பிரஷ் தகராறு செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

நீளக் கழியின் நுனியில் ஒரு பிரஷ், கழியோடு ஓடும் மெல்லிய குழாய், குழாயில் உப்பு நீக்கிய தண்ணீர். தரையில் நின்றபடியே மாடி ஜன்னலைக் கழுவும் இந்த முறையில் வைப்பருக்கும் துணிக்கும் வேலை இல்லை. தேய்த்து, அலசி, அப்படியே காயவிட்டுப் போக வேண்டியதுதான். வசதிதான். ஆனால் வேலை சரியில்லை என்றால் அது கண்ணாடி காய்ந்த பிறகே தெரியும். அதற்குள் நாம் குழாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போயிருப்போம். முதலில் பார்ப்பவர் வாடிக்கையாளர்.

புகார் வந்ததும் பழி பிரஷ்மீது விழுகிறது. மலிவான பிரஷ் என்றால் விசாரணையே கிடையாது, நேராகத் தண்டனைதான். லாரி கழுவும் பிரஷ்ஷில் துளை போட்டு, தண்ணீரைப் பீய்ச்சும் சிறு முனையான ஜெட்டைப் பொருத்தி ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: மலிவு பிரஷ்ஷுக்கென்று சில குறைகள் உண்டு, அவற்றை வாங்கும்போதே கண்டுபிடிக்கலாம். ஆனால் அதன் தலையில் ஏற்றப்படும் குற்றங்களில் பல அதனுடையவை அல்ல. அதனால் கீழே உள்ள ஒவ்வோர் அறிகுறிக்கும் ஒரே வரிசையில் தேடுங்கள். முதலில் தண்ணீர், பிறகு அது பாயும் விதம், பிறகு இழை, கடைசியாகக் கட்டை. பிரஷ்ஷின் உடம்பைத்தான் கட்டை என்கிறேன். மரக்கட்டை வேண்டாம் என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன். அது தண்ணீரில் ஊறி உப்பும், வெடிக்கும், பழுப்பாகச் சாறும் விடும்.

காய்ந்த பிறகு கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளிகள்

பிரஷ்ஷைத் தொடாதீர்கள், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை எடுங்கள். தொட்டியில் இருக்கும் தண்ணீரை அளப்பதில் பயனில்லை. ஜெட்டிலிருந்து விழும் தண்ணீரையே ஒரு கோப்பையில் பிடித்து அளக்க வேண்டும். 0 பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு உப்பு என்ற கணக்கு) காட்டினால் தண்ணீர் குற்றமற்றது. 10 வரை பெரும்பாலும் தப்பித்துவிடலாம். அதைத் தாண்டி ஏற ஏற, காய்ந்த கண்ணாடியில் உப்பு தன் கணக்கை எழுதிவைக்கும். அயனி நீக்கும் ரெசின் (தண்ணீரிலுள்ள உப்பைப் பிடித்துக்கொள்ளும் சிறு மணிகள்) தீரும் வேளையில் அளவு நிதானமாக ஏறிக்கொண்டிருக்காது. காலையில் 2 காட்டிய மீட்டர் மதியம் 40 காட்டினால் மீட்டரைச் சந்தேகிக்க வேண்டாம்.

இதை நான் நல்ல வழியில் கற்றுக்கொள்ளவில்லை. புள்ளி வருகிறது என்று ஒரே வாரத்தில் இரண்டு பிரஷ் மாற்றினேன். மூன்றாவதை வாங்கக் கிளம்பியபோதுதான் மீட்டரின் நினைவு வந்தது. அது கருவிப்பெட்டியின் அடியில், பேட்டரி தீர்ந்து, பழைய கையுறைக்குள் கிடந்தது. ரெசினை மாற்றியதும் மூன்று பிரஷ்ஷும் நல்ல பிரஷ் ஆகிவிட்டன.

மீட்டர் 0 காட்டியும் புள்ளி வருகிறதென்றால் பிரஷ்ஷை விசாரிக்கலாம். ஒரு வாளியில் சுத்த நீர் பிடித்து அளந்துகொள்ளுங்கள். பிரஷ்ஷை அதில் பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசி, மறுபடி அளந்து பாருங்கள். அளவு குறிப்பிடத்தக்க அளவுக்கு ஏறியிருந்தால் இழைகளுக்குள் எதுவோ தங்கியிருக்கிறது. முந்தைய நாள் மாலை அதை வீட்டுக் குழாயடியில் கழுவி வைத்திருப்பீர்கள். அந்த உப்புத் தண்ணீர் இழையிடுக்கில் காய்ந்து, மறுநாள் முதல் நான்கு ஜன்னல்களுக்குப் போய்ச் சேரும். வேலை முடிந்ததும் கடைசி அலசல் சுத்த நீரிலேயே இருக்கட்டும்.

புள்ளி இல்லை, எண்ணெய் தடவியதுபோல மங்கலாக இருக்கிறது

பிரஷ் புதியதா? அப்படியானால் இது பிரஷ்ஷின் வேலையேதான். ஆலையிலிருந்து வரும்போது இழையில் எண்ணெய்ப் பசையும் துருவல் தூளும் இருக்கும். இங்கே மீட்டர் உங்களை ஏமாற்றும். அது தண்ணீரில் கரைந்த உப்புகள் மின்சாரத்தைக் கடத்துவதை வைத்துக் கணக்கிடுவது, எண்ணெய் அதன் கண்ணுக்குத் தெரியாது. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு இழைகளைக் கையால் பிசைந்து கழுவுங்கள். நுரை முழுக்கப் போகும்வரை அலசுங்கள். சோப்பு மிஞ்சினால் அதுவே அடுத்த மங்கலுக்குக் காரணமாகும்.

பன்றி முடி கலந்த பிரஷ் என்றால் இன்னும் பொறுமை வேண்டும். அந்த முடிக்கு இயற்கையிலேயே ஒரு கொழுப்பு உண்டு, சில நாள் வேலை செய்தால்தான் அது கழியும். அதுவரை கடை முகப்புக் கண்ணாடிக்கு அதை எடுத்துப் போகாமல், யாரும் உற்றுப் பார்க்காத பின்பக்க ஜன்னல்களில் பழக்குங்கள்.

மேல் சட்டத்திலிருந்து கோடு கோடாக இறங்குகிறது

பிரஷ் நிரபராதி. சட்டத்தின் மேல்விளிம்பிலும் ரப்பர் பட்டையின் இடுக்கிலும் பல நாள் அழுக்கு இருக்கிறது. நாம் கண்ணாடியை அலசிவிட்டு நகர்ந்த பிறகு அங்கே தேங்கிய தண்ணீர் அழுக்கோடு மெதுவாக இறங்குகிறது. முதலில் சட்டத்தைத் தேய்த்து அலசிவிட்டுப் பக்கத்து ஜன்னலின் சட்டத்துக்குப் போங்கள். சொட்டு நின்ற பிறகு திரும்பி வந்து கண்ணாடியைத் தொடுங்கள். வெகுநாள் கழுவாத ஜன்னலுக்கு இரண்டு சுற்று தேவைப்படும். எந்த விலை பிரஷ்ஷும் இதை மாற்றாது.

மூலைகளில் பிறை வடிவில் அழுக்கு நிற்கிறது

இது கட்டையின் வடிவக் கோளாறு. ஜன்னலுக்கென்று செய்த பிரஷ்களில் வெளிவரிசை இழைகள் வெளிப்பக்கம் சற்றே சாய்ந்திருக்கும், அவை கட்டையின் விளிம்பைத் தாண்டி மூலைக்குள் நுழையும். லாரி பிரஷ்களில் பெரும்பாலும் எல்லா இழையும் நேராக நிற்கும். அதோடு கட்டையின் இரண்டு ஓரத்திலும் தடித்த ரப்பர் காப்பு இருந்தால், காப்பு சட்டத்தில் முட்டி நின்றுவிடும். இழைக்கும் மூலைக்கும் நடுவே விரலளவு இடம் கழுவப்படாமல் நிற்கும். வாங்கும்போது பிரஷ்ஷைக் கவிழ்த்து மேசையில் வைத்து லேசாக அழுத்துங்கள். இழை நுனிகள் கட்டையின் விளிம்புக்கு வெளியே எட்டிப் பார்த்தால் எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களென்றால் ரப்பர் காப்பைச் சீவி மெலிதாக்கிப் பாருங்கள். முழுக்க எடுத்துவிடாதீர்கள், அது சட்டத்தின் பெயின்ட்டைக் காப்பாற்றுகிறது.

பறவை எச்சம் போகவில்லை, பிரஷ் மேலே வழுக்கி ஓடுகிறது

மலிவு பிரஷ்ஷில் அதிகம் கேட்கப்படும் புகார் இது. இதில் உண்மையும் உண்டு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஓர் இழையின் நுனியைப் பாருங்கள். நுனி பிளந்து பஞ்சுபோல இருக்கிறதா, வெட்டிய கம்பிபோல ஒற்றையாக இருக்கிறதா? வண்டி கழுவும் பிரஷ்கள் பெயின்ட்டைக் காப்பாற்றவே நுனியைப் பிளந்து விற்கப்படுகின்றன. நுனி பிளந்த இழை தண்ணீரைப் பிடித்து வைக்கும், கண்ணாடியில் வெண்ணெயில் ஓடுவதுபோல் ஓடும். மாதாமாதம் கழுவும் ஜன்னலுக்கு அது போதும், கைக்கும் சுகம். ஆனால் காய்ந்த எச்சம், சிலந்திக் கறை, பூச்சி முட்டை என்று வந்துவிட்டால் அது தடவிக் கொடுத்துவிட்டுப் போய்விடும். நுனி பிளக்காத இழை சுரண்டும், அழுக்கைத் தன்னிடம் சேர்த்து வைக்காது, அலசும்போதும் தண்ணீர் சீக்கிரம் தெளியும். ஒரே ஒரு பிரஷ்தான் வாங்க முடியும் என்றால் நான் நுனி பிளக்காத நடுத்தர விறைப்பையே எடுப்பேன்.

இழை ஏற்கெனவே மிருதுவாக இருக்கிறது, புதிதாக வாங்கவும் மனமில்லையா? கத்தரிக்கோல் இருக்கிறது. ஓர் இழையின் விறைப்பு அதன் நீளத்தின் மும்மடிக்கு எதிர்மாறாகப் போகும். 50 மில்லிமீட்டர் இழையை 40 ஆக வெட்டினால் விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. பத்து மில்லிமீட்டரில் பிரஷ்ஷின் குணமே மாறிவிடும். நடுவரிசைகளை மட்டும் வெட்டி, வெளிவரிசையை நீளமாகவே விடுங்கள். நடுப்பகுதி சுரண்டும், ஓரம் மூலைக்குள் போகும். விலை கூடிய பிரஷ்கள் சிலவற்றில் இதே இரட்டை நீள அமைப்பைத்தான் ஒரு சிறப்பாகச் சொல்லி விற்கிறார்கள். வெட்டும்போது இழைகளின் இடையே ஒரு தட்டையான பலகைத் துண்டை அளவுகோலாக நிறுத்திக்கொள்ளுங்கள். வெறும் கண்ணளவில் வெட்டினால் ஏணிப்படி முடிவெட்டுப்போல் ஆகும். புதிதாக வெட்டிய நுனி முதல் சில நாள் முரடாக இருக்கும். அதுவரை பெயின்ட் அடித்த சட்டங்களில் கவனம் தேவை.

இன்னொரு பொறி: கடையில் விறைப்பாக இருந்த பிரஷ், வேலையில் தொளதொளத்துப் போகிறது. நைலான் தண்ணீர் குடிக்கும். சாதாரண நைலான் 6 வகை இழை ஊறியதும் விறைப்பில் பெரும் பங்கை இழந்துவிடும். பாலியெஸ்டர் வகையைச் சேர்ந்த பி.பி.டி. இழை அவ்வளவாகக் குடிப்பதில்லை, ஈரத்திலும் ஏறக்குறைய அதே விறைப்போடு நிற்கும். அதனால் உலர்ந்த நைலான் பிரஷ்ஷைக் கையால் தடவிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. தெரிந்தவர் ஒருவரிடம் ஏற்கெனவே அதே பிரஷ் இருந்தால், அவருடையதை ஒரு மணி நேரம் ஊறவைத்து அழுத்திப் பாருங்கள்.

பிரஷ் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது

முந்தையதற்கு நேர் எதிர். முதலில் உங்கள் கையைக் கவனியுங்கள். அழுக்கு போகவில்லை என்று அழுத்தினால் இழைகள் பக்கவாட்டில் படுத்துவிடும். படுத்த இழை நுனியால் தேய்க்காது, முதுகால் உரசும். உரசல் கூடும், சுத்தம் குறையும். இழை நுனிகள் மட்டும் வளையும் அளவுக்கு அழுத்தம் போதும். 45 சென்டிமீட்டர் அகலப் பிரஷ்ஷை வாங்கிவிட்டுக் கை வலிக்கிறது என்பவர்களுக்கு 30 சென்டிமீட்டரை முயன்று பார்க்கச் சொல்கிறேன். பெரிய பிரஷ் வேகமாக முடிக்கும் என்ற கணக்கு பெரிய கண்ணாடியில் மட்டுமே செல்லும். சிறு சிறு சட்டமாகப் பிரித்த ஜன்னலில் அது இடித்துக்கொண்டே இருக்கும்.

கையில் தவறில்லை என்றால் கண்ணாடியைப் பாருங்கள். சில கண்ணாடிகளில் தண்ணீர் விரிப்புபோலப் படரும், சிலவற்றில் தாமரை இலைத் தண்ணீர்போல் உருண்டு ஓடும். இரண்டாவது வகையில் இழைக்கும் கண்ணாடிக்கும் நடுவே நீர்ப்படலம் நிற்காது, அதனால் பிரஷ் பிடிக்கும். அங்கே தண்ணீரைக் கூட்டுங்கள். அலசும்போது பிரஷ்ஷைக் கண்ணாடியிலிருந்து விலக்கி, மேலிருந்து கீழாக ஜெட்டால் துரத்துங்கள். விசிறிபோல் விரியும் ஜெட் இந்த வகைக் கண்ணாடிக்கு மிகவும் உதவும்.

இழைகள் சில வாரங்களிலேயே சாய்ந்து விரிந்துவிட்டன

இழை என்ன பொருள் என்று பொட்டலம் சொல்லாது. "உயர்தர செயற்கை இழை" என்பது பதில் அல்ல. ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீர் சொல்லிவிடும். பிரஷ்ஷிலிருந்து ஓர் இழையைப் பிடுங்கி ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டுங்கள். தம்ளரில் ஒரு சொட்டு சோப்பு விடுங்கள், இல்லாவிட்டால் எந்த இழையும் நீரின் மேற்பரப்பில் மிதந்து ஏமாற்றும். இழைத் துண்டை விரலால் முழுக்க அமுக்கி, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழியை உதறிவிட்டுக் கையை எடுங்கள். மேலே எழுந்து வந்தால் அது பாலிபுரோப்பிலின். அதன் அடர்த்தி சுமார் 0.9, தண்ணீரைவிடக் குறைவு. அடியில் போய்ப் படுத்தால் நைலான் அல்லது பாலியெஸ்டர். நைலானின் அடர்த்தி சுமார் 1.1, பி.பி.டி. சுமார் 1.3.

பாலிபுரோப்பிலின் கெட்ட பொருள் அல்ல. தண்ணீர் குடிக்காது, எடை குறைவு, விலையும் குறைவு. வளைந்தால் மீண்டு நிமிரும் குணம்தான் குறைவு. ஒரு பக்கமாக வளைத்தே வைத்திருந்தால் அப்படியே பழகிவிடும். நைலான் இந்த ஒன்றில் கெட்டிக்காரன். ஆகவே இழை சாய்ந்த பிரஷ் பாலிபுரோப்பிலினாக இருந்தால், அதைச் செலவுப் பொருளாக நினைத்து ஓட்டுங்கள், ஆண்டுக்கணக்கில் உழைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கட்டையும் ஜெட்டும் நல்லவை, இழைதான் மட்டம் என்றால் ஜெட்டைக் கழற்றி அடுத்த கட்டைக்கு மாற்றிவிடலாம்.

நைலான் பிரஷ்ஷே சாய்ந்துவிட்டதா? வண்டியில் எப்படி வைக்கிறீர்கள் என்று பாருங்கள். இழை கீழே, கழிகளின் எடை மேலே என்றால் எந்த இழையும் தாங்காது. இழை மேல்நோக்கி இருக்க வேண்டும், அல்லது ஆணியில் தொங்க வேண்டும். சாய்ந்த நைலானைக் கொதிக்காத வெந்நீரில் சில நிமிடம் அமிழ்த்தி, கையால் நேராக்கி, குளிர்ந்த நீரில் அலசினால் ஓரளவு நிமிரும். புதியதுபோல் ஆகாது.

ஒரு ஜெட்டில் பீறிடுகிறது, இன்னொன்றில் வடிகிறது

கட்டையில் நாமே துளை போட்ட பிரஷ்களுக்கு வரும் வியாதி இது. முதலில் எளிய காரணங்களைக் கழித்துவிடுங்கள். கழியின் நுனியில் குழாய் மடிந்திருக்கிறதா, இரண்டாகப் பிரியும் இணைப்பிலிருந்து ஜெட்டுகளுக்குப் போகும் இரு குழாய்களும் ஒரே நீளமா என்று பாருங்கள். ஒன்று 8 சென்டிமீட்டர், மற்றது 20 சென்டிமீட்டர் சுற்றி வளைந்து போனால் தண்ணீர் சுலபமான வழியைத்தான் தேர்ந்தெடுக்கும். அடுத்து, ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் கடுகைவிடச் சிறிய மணி ஒன்று அடைத்திருந்தால் அது ரெசின் குடுவையிலிருந்து தப்பி வந்தது. ஜெட்டை மட்டும் சுத்தம் செய்தால் நாளை இன்னொன்று வரும், குடுவையின் சல்லடையைப் பாருங்கள். அடைப்பை ஊசியால் குத்தும்போது துளை அகலமாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல்குச்சி நல்லது.

எல்லா ஜெட்டும் ஒரே மாதிரி ஓடுகின்றன, ஆனால் எல்லாமே சோம்பலாக வடிகின்றனவா? அப்படியானால் துளைகளின் மொத்தப் பரப்பு அதிகம். 2 மில்லிமீட்டர் துளை இரண்டு வைத்தால் மொத்தப் பரப்பு சுமார் 6.3 சதுர மில்லிமீட்டர். தாராளமாக இருக்கட்டும் என்று அதே அளவில் நான்கு வைத்தால் பரப்பு இரட்டிப்பாகிறது, அதே தண்ணீர் பாதி வேகத்தில் வெளியேறுகிறது. நிமிடத்துக்கு 1.5 லிட்டர் பாய்ச்சலில் இரண்டு துளை என்றால் தண்ணீர் நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வரும், நான்கு என்றால் 2 மீட்டர். நான்கு ஜெட் வேண்டுமென்றால் 1.4 மில்லிமீட்டர் துளையாக எடுங்கள், மொத்தப் பரப்பு பழையபடி 6.2க்கு வந்துவிடும். உயரத்தையும் மறக்க வேண்டாம். ஒவ்வொரு 10 மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் போய்விடும். தரையில் சோதித்தபோது துள்ளிய ஜெட் மூன்றாம் மாடியில் தளர்வது அதனால்தான்.

துளை போடுபவர்களுக்கு இரண்டு செய்தி. முதலாவது இடம்: 30 சென்டிமீட்டர் கட்டையில் இரு ஓரத்திலிருந்தும் 7.5 சென்டிமீட்டர் உள்ளே வைத்தால் ஒவ்வொரு ஜெட்டும் தன் பாதியின் நடுவில் விழும். துளை சற்றே மேல்நோக்கிச் சாய்ந்து, தண்ணீர் இழைகளின் மேல்வரிசைக்கு அருகே கண்ணாடியைத் தொட வேண்டும். இழைக்காட்டின் நடுவில் விழுந்தால் வேகம் அங்கேயே செத்துவிடும். இரண்டாவது, பசை வேண்டாம். மலிவுக் கட்டைகள் பெரும்பாலும் பாலிபுரோப்பிலின், அதில் சாதாரண எந்தப் பசையும் பிடிக்காது. எபாக்சி பூசி ஒரு ராத்திரி காயவைத்து, காலையில் இரண்டாவது ஜன்னலிலேயே ஜெட் தெறித்து விழுந்து புல்லில் தேடியிருக்கிறேன். ஜெட்டின் அடிப்பகுதியைவிட அரை மில்லிமீட்டர் சிறிய துளை போட்டு இறுக்கி நுழைக்க வேண்டும், அல்லது மரையும் நட்டும் உள்ள ஜெட்டாக வாங்க வேண்டும். துளை போட்டதும் உள்ளே தொங்கும் பிளாஸ்டிக் பிசிறைக் கத்தி நுனியால் சுத்தமாக எடுத்துவிடுங்கள். மறுநாள் ஜெட்டை அடைப்பது அதுவாகத்தான் இருக்கும்.

மதியத்துக்குள் தோள் விட்டுப்போகிறது

பிரஷ்ஷை உலர்வாக எடை போட்டு வாங்கியிருப்பீர்கள். ஈரத்தில் எடை போடுங்கள். நன்றாக நனைத்து, இரண்டு முறை மட்டும் உதறி, சமையலறைத் தராசில் வையுங்கள். அதுதான் நாள் முழுக்க நீங்கள் தூக்கும் எடை. நுனி பிளந்த அடர்த்தியான இழையும் பன்றி முடியும் இங்கேதான் காட்டிக்கொடுக்கும், இரண்டும் தண்ணீரைச் சுமப்பவை.

நூறு இருநூறு கிராமில் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்கள் 6 மீட்டர் கழியைக் கிடைமட்டமாகத் தூக்கிப் பார்க்கட்டும். ஒரு கை கழியின் அடியில், மறுகை அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கிறது என்று கொள்வோம். நுனியில் கூடுதலாக 300 கிராம் ஏற்றினால், முன்கை கூடுதலாகத் தாங்க வேண்டியது 1.8 கிலோ. கழியை நிமிர்த்திப் பிடிக்கும்போது இது குறையும், ஆனால் ஒவ்வொரு ஜன்னலுக்கும் கழியை இறக்கி ஏற்றும்போது முழுக் கணக்கும் தோளில் விழும். கழியின் எடையைக் குறைக்கக் கார்பன் நார் கழிக்குப் பெரும்பணம் செலவழித்துவிட்டு, அதன் நுனியில் கனத்த லாரி பிரஷ்ஷைப் பூட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். பணத்தை மிச்சப்படுத்த வேண்டிய இடம் கட்டையின் அழகும் நிறமும் தான், எடை அல்ல.

கார்பன் நார் மின்சாரம் கடத்தும். ஈரமான எந்தக் கழியையுமே கடத்தும் பொருளாகக் கருதுங்கள். மின்கம்பி போகும் பக்கத்திலுள்ள ஜன்னலை விட்டுவிடுவதில் எந்த அவமானமும் இல்லை.

பிரஷ் தலை சுழல்கிறது, கழன்றும் விடுகிறது

மலிவு பிரஷ்களின் குழியில் துடைப்பக் கழிக்கான மரை இருக்கும். ஜன்னல் கழியின் நுனியில் இருக்கும் மரையும் பார்வைக்கு அதேதான். கையால் திருகும்போது நான்கைந்து சுற்று எதிர்ப்பில்லாமல் போக வேண்டும். இரண்டாவது சுற்றிலேயே இறுகிவிட்டால், "அப்பா, நன்றாகப் பிடித்துவிட்டது" என்று மகிழாதீர்கள். மரை வேறு, அது நெரித்துக்கொண்டு நிற்கிறது. சில நாளில் பிளாஸ்டிக் மரை தேய்ந்து பிரஷ் கீழே வரும். மரை ஒன்றேதான், சற்றுத் தளர்வு மட்டும்தான் என்றால் குழாய் வேலைக்குச் சுற்றும் வெள்ளை டேப்பை மூன்று சுற்றுச் சுற்றலாம். மரை வேறாக இருக்கும்போது டேப் சுற்றுவது நோயை மறைக்கும் வேலை. அதற்கான இணைப்புத் துண்டை வாங்கிப் போடுங்கள்.

எந்த மரையாக இருந்தாலும் கட்டையில் ஒரு சிறு துளை போட்டு, கழியோடு ஒரு நைலான் கயிற்றால் கட்டிவையுங்கள். மூன்றாம் மாடியிலிருந்து விழும் பிரஷ் கீழே நடப்பவர் தலையில் விழுந்தால், மரை கழன்றது பிரஷ்ஷுக்கு மட்டும்தானா என்று நம்மைக் கேட்பார்கள்.

கண்ணாடியில் கீறல்

நைலானோ வேறெந்தச் செயற்கை இழையோ கண்ணாடியைக் கீறாது, கண்ணாடி அவற்றைவிடப் பல மடங்கு கடினம். கீறுவது மணல். மோஸ் கடினத்தன்மையில் ஜன்னல் கண்ணாடி சுமார் 5.5, மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. பிரஷ்ஷைத் தரையில் படுக்க வைத்துவிட்டுக் குழாயை இழுக்கப் போகிறோம், திரும்பி வந்து அப்படியே தூக்கிக் கண்ணாடியில் வைக்கிறோம். கதை அங்கேயே தொடங்குகிறது. ஓய்வு நேரத்தில் பிரஷ் வாளிக்குள் இருக்கட்டும். தரையைத் தொட்டுவிட்டால் முதலில் இழைகளைக் கையால் பிரித்து ஜெட் தண்ணீரில் அலசுங்கள்.

கீறல் நேராகவும் ஒரே இடைவெளியிலும் இருந்தால் இழையை விட்டுவிட்டுக் கட்டையைத் தடவிப் பாருங்கள். நாம் பொருத்திய ஜெட்டின் உலோக முனையோ திருகாணித் தலையோ இழைகளின் நடுவே எட்டிப் பார்க்கும். இழையை அழுத்தி முழுக்க வளைத்தாலும் எந்த உலோகமும் கண்ணாடியைத் தொடாதபடி பதித்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் ஜெட் போட்டால் இந்தக் கவலையே இல்லை. கட்டுமானம் முடிந்து சிமென்ட் தெறித்த கண்ணாடிக்கு எந்தப் பிரஷ்ஷையும் எடுத்துப் போக வேண்டாம். அது வேறு வேலை, வேறு கூலி.

இழை உதிர்கிறது, கட்டையில் துரு தெரிகிறது

புதிய பிரஷ்ஷில் முதல் இரண்டு நாள் சில இழைகள் உதிர்வது இயல்பு. கொத்துக் கொத்தாக வந்தால் இயல்பல்ல. இழைக் கொத்துகளை ஒவ்வொரு துளையிலும் சிறு கம்பித் துண்டு ஒன்று பிடித்திருக்கும். அந்தக் கம்பி சாதாரண இரும்பாக இருந்தால் தண்ணீரிலேயே வாழும் பிரஷ்ஷில் துருப்பிடித்துப் பிடியை விட்டுவிடும், போகும்போது வெள்ளைச் சட்டத்தில் பழுப்புக் கறையும் விட்டுப் போகும். வாங்கும்போதே இழைகளைப் பிரித்துத் துளையின் அடியில் காந்தத்தைக் காட்டுங்கள். காந்தம் பிடித்து இழுத்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஏற்கெனவே துருப்பிடித்த பிரஷ்ஷைச் சரிசெய்ய வழியில்லை. ஜெட்டையும் குழாயையும் கழற்றிக்கொண்டு, கட்டையை வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.